நாகூரில் கதவு திறக்கும் நேரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் வந்த நாகப்பட்டினப் பயணக் கட்டுரை, திருச்சியில் காலை கிளம்பி நாகூர் தர்கா, வேளாங்கண்ணி மாதா பேராலயம், சிக்கல் முருகன் கோயில் மூன்றையும் பார்த்துவிட்டு இரவு திருச்சிக்கே திரும்பிவிடலாம் என்கிறது. வேனில் ஏறி இறங்குவதுதான் யாத்திரை என்றால் முடியும்தான். நேர்ச்சையோடு போகிறவர்களுக்கு அது சரிவராது. காரணம், கதவு.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். ஊர்களுக்குள் நெரிசலும் சேர்ந்தால் மூன்றரை மணி நேரம். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினாலும் நாகூர் போய்ச் சேர ஒன்பது ஆகிவிடும். தர்காவின் வெளிவாசல்கள் எந்நேரமும் திறந்தே இருக்கும். ஷாகுல் ஹமீது ஆண்டவர் அடங்கியிருக்கும் இடத்தின் உள்வாசல் அப்படி அல்ல: அதிகாலை நாலரையிலிருந்து 7 வரை, மாலை ஆறரையிலிருந்து 9 வரை. வெள்ளிக்கிழமை மட்டும் மதியம் 12 முதல் இரண்டரை வரை கூடுதலாக உண்டு. ஒன்பது மணிக்குப் போகிறவர், தஞ்சை மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்த 131 அடி மனாராவை, அதாவது தர்கா கோபுரத்தை, அண்ணாந்து பார்த்து, புறாக்களுக்குத் தானியம் போட்டுவிட்டு, சாத்திய கதவின் முன் நின்று திரும்ப வேண்டியதுதான். அங்கிருந்து வேளாங்கண்ணி போய்விட்டுச் சிக்கல் கோயிலுக்கு வந்தால் அங்கும் நடை சாத்தியிருக்கும். மதியம் சாத்தினால் மாலை 4 மணிக்கு மேல்தான் திறப்பார்கள்.

ஆகவே நாகப்பட்டினத்திலேயே இரண்டு இரவு தங்குங்கள். நாகூர் வடக்கே ஐந்தாறு கிலோமீட்டர், வேளாங்கண்ணி தெற்கே பத்துப் பன்னிரண்டு, சிக்கல் மேற்கே ஐந்து. வரும்போதே திருவாரூர்ச் சாலையில்தான் சிக்கல் இருக்கிறது. மாலை நடை திறந்ததும் சிங்காரவேலரைத் தரிசித்துவிட்டு ஊருக்குள் வந்து காயாரோகணர், நீலாயதாட்சி கோயிலைப் பார்க்கலாம். மறுநாள் 5 மணிக்கு நாகூர். திரும்பிவந்து பசியாறிவிட்டுப் பத்து மணிக்கு வேளாங்கண்ணி. பேராலயம் மதியத்தில் சாத்துவதில்லை; எனவே மற்ற இடங்கள் மூடியிருக்கும் நேரத்தை அங்கே செலவிட்டால் ஒன்றும் வீணாகாது. சனிக்கிழமையில் திருநள்ளாற்றையும் இதே நாளில் நுழைக்கும் வேன்காரரிடம் மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். சனீஸ்வரர் வரிசையிலேயே பொழுது போய்விடும்.

கட்டுரையில் இன்னொரு பிழை பெரியது. நாகூர் தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரியும் வேளாங்கண்ணித் திருவிழாவும் ஆகஸ்ட் மாதம் அடுத்தடுத்து வரும் என்று எழுதியிருக்கிறது. வேளாங்கண்ணிக்கு மாறாத தேதி: ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள். கந்தூரி பிறைக் கணக்கு. இஸ்லாமிய ஆண்டின் ஜமாதுல் ஆகிர் மாதம் பிறந்ததும் கொடியேறும். பத்தாம் இரவு நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு புறப்பட்டு விடியுமுன் நாகூர் சேரும். பிறை ஆண்டு சிறியது என்பதால் விழா வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். 2022இல் டிசம்பர் கடைசியில் ஏறிய கொடி 2024இல் டிசம்பர் 2ஆம் தேதி ஏறியது. இப்போதைக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் விழுகிறது. கஜா புயல் 2018 நவம்பரில் அந்தக் கரையில்தான் அடித்தது. குடை போதாது, திரும்பும் டிக்கெட்டுக்கு ஒரு நாள் இடைவெளியும் விடுங்கள். மழை பிடிக்காதவர்கள் விழாவை விட்டுவிட்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ போகலாம்.

மொட்டை விஷயம். நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் முடி இறக்கும் வழக்கம் உண்டு, இந்துக்களும் இறக்குகிறார்கள். இரண்டு இடத்துக்கும் நேர்ந்துகொண்டு ஒரே தலையோடு போகிறவர்களுக்கு என்னிடம் யோசனை இல்லை. கண்முன்னே புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள். சிரைத்த கையோடு கடலில் முழுகினால் கீறல்களில் உப்பு எரியும், குழந்தை வீறிடும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றிச் சந்தனம் பூசிவிடுங்கள். அந்தக் கடல் நம் பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரை மாதிரி சாதுவானது அல்ல, காலுக்கடியில் மணலை உருவி இழுக்கும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம்.

நாகூர் வாசல் கடைகளில் கை, கால், கண், தொட்டில், வீடு, கப்பல் என்று உருவம் அடித்த மெல்லிய தகடுகள் கிடைக்கும். எந்த உறுப்பு குணமாக வேண்டுமோ அதை வாங்கிச் செலுத்துவார்கள். நகத்தால் அழுத்தினாலே மடங்கும் தகடு அது. வெள்ளி விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள். ஆண்களுக்குத் தொப்பியோ கைக்குட்டையோ, பெண்களுக்குத் தலையை மூடத் துப்பட்டா. விரதக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே தட்டில் அடுக்கியிருக்கும் ‘வாடா’ நம் வடை அல்ல, மேலே இறால் பதித்திருக்கும்.

பினாங்கிலிருந்து போகிறவர்கள் நாகப்பட்டின ஊரைத் தாண்டி ஓடுவதுதான் எனக்கு வருத்தம். தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய ராஜுலா கப்பல் வந்துபோன கரை என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதற்கும் முன்னால், நமக்குப் பக்கத்துக் கெடாவை உள்ளடக்கிய கடாரத்தின் அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் அங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தை எழுப்ப, ராஜராஜ சோழன் 1006 வாக்கில் ஆனைமங்கலம் கிராமத்தை அதற்கு நிவந்தமாகக் கொடுத்தான். லெய்டன் செப்பேடு சொல்வது அதைத்தான். ஊரில் விகாரம் இன்று இல்லை. எஞ்சி நின்ற ஒரு கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள். மண்ணுக்கடியில் கிடைத்த புத்தர் சிலைகளைப் பார்க்கச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும். சென்னை வழியாகத் திரும்புகிறவர்கள் அரை நாள் ஒதுக்கலாம்.

இ-விசாவில் திருச்சி விமான நிலையம் வழியாக நுழையலாம். குறைந்தது 4 நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். மலேசிய பாஸ்போர்ட்டில் பெயரோடு ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) இருப்பவர்கள் டிக்கெட்டிலும் விண்ணப்பத்திலும் சாய்கோட்டை மட்டும் விட்டுவிட்டு, எழுத்துகளை ஒன்றுபோல் போடுங்கள். ஒன்றில் ஏஎல் இருந்து மற்றதில் இல்லாமல் போனால் கவுண்டரில் நிற்க வைத்துவிடுவார்கள்.

கந்தூரி தேதியையாவது வரும் ஞாயிறு திருத்திப் போடுங்கள். கட்டுரையை நம்பி ஆகஸ்டுக்கு டிக்கெட் எடுக்கக் கிளம்பியிருப்பார்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு