புள்ளிக்குப் பிறகு வாற 15

அன்பின் மச்சான்,

இங்க எல்லாரும் சுகம். சோளகம் எழும்பீட்டுது, மணற்காட்டுப் பக்கம் போனா மணல் கண்ணைத் திறக்க விடாது. நீ வாற நேரம் அடங்கியிருக்கும்.

மகன் கனடாவில இருந்து அனுப்பின ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் ஜிபிஎஸ் நல்ல கருவி. செய்மதி பிடிக்குது, ஆனா இடத்தைப் பிழையாக் காட்டுது எண்டு எழுதியிருந்தாய். வெட்டவெளியில மூண்டு நாலு மீற்றர் வித்தியாசம் சாதாரணம். நூற்றுக்கணக்கில விலகினா செய்மதியைக் குறை சொல்லாதை; எண் அடிச்ச விதத்தைப் பார்.

கடலுக்குப் போற மருமகன் கேட்ட கடல் எல்லையையே உதாரணமா எடுப்பம். 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில பாக்கு நீரிணைக்கு ஆறு புள்ளி. மூண்டாவதின்ர அகலாங்கு 9 பாகை 40.15 நிமிடம். இது 40 நிமிடம் 15 செக்கன் இல்லை, 0.15 நிமிடம் எண்டா 9 செக்கன். கருவியைச் செக்கன் வடிவத்தில வைச்சுக்கொண்டு 15 எண்டு அடிச்சா, அது வாய் திறக்காமல் ஏற்கும். புள்ளி ஏறக்குறைய 185 மீற்றர் வடக்க போயிடும். நாலாவது புள்ளியின்ர நெட்டாங்கு 79 பாகை 30.70 நிமிடம். 70 செக்கன் எண்டு ஒண்டு இல்லாததால அதில பிழை உடன பிடிபடும். ஆபத்து 60க்குக் கீழ வாற இலக்கங்களிலதான். அதால 'பொசிசன் போமற்' மெனுவில பாகை, நிமிடம், நிமிடத்தின் தசமம் எண்ட வடிவத்தைத் தெரிஞ்சு விட்டிட்டு, பிறகு அதைத் தொடாதை.

போனில இருந்து எடுக்கிற எண் வேற சாதி. 9.4015 எண்டது 9 பாகை 24.09 நிமிடம், தசமத்துக்குப் பின்னால உள்ளதை 60ஆல பெருக்கோணும். அப்பிடியே 40.15 எண்டு அடிச்சியோ, 30 கிலோமீற்றர் போச்சு.

இன்னொண்டு. ஒப்பந்தம் எழுதின காலத்தில டபிள்யூஜிஎஸ் 84, அதுதான் இப்ப ஜிபிஎஸ் இடத்தைக் கணக்கிடப் பாவிக்கிற அடிப்படை, இல்லை. திரையில கோட்டுக்கு நூறு மீற்றர் உள்ளுக்கு நிக்கிறதை நம்பி வலை விரிக்க வேண்டாம் எண்டு அவனுக்குச் சொல்லு. ஒரு கடல் மைலாவது விடட்டும்.

உன்னட்ட இருக்கிற நில அளவைத் திணைக்களத்தின்ர பழைய 1:50,000 படமும் இதே கதைதான். அது கண்டவல எண்ட இலங்கையின்ர பழைய நில அளவை அடிப்படையில கீறினது; யாழ்ப்பாணப் பக்கம் கிழக்கு மேற்காக 200 மீற்றருக்கு மேல விலகும். கருவியில இந்த அடிப்படையைத் தெரியிற 'மப் டேற்றம்' பட்டியலில கண்டவல எண்டே இருக்கு. படத்தோட நடக்கேக்க அதுக்கு மாத்து, முடிஞ்ச உடன திருப்பி விடு. சேமிச்ச புள்ளி கெடாது, திரையில வாசிக்கிற எண்தான் மாறும். படத்தின்ர சதுரக் கட்டங்களுக்கு மீற்றரில குறிக்கிற கட்ட எண்ணிலயும் கவனம்: யாழ் நகரத்தில கிழக்கு எண் 116,000 அளவில வந்தா பழைய கட்டம், 416,000 அளவில வந்தா எஸ்எல்டி 99 எண்ட புதுக் கட்டம். தொடக்க எண்ணை 200,000இல இருந்து 500,000 ஆக்கினதால வந்த வித்தியாசம் அது.

முதல்தரம் போடேக்க சுணங்கும். முழுச் செய்மதி அட்டவணையும் இறங்க 12.5 நிமிடம் வேணும், கருவியைப் பேசிப் பிரயோசனமில்லை. முற்றத்தில திரை வானத்தைப் பாக்கக் கிடையா வைச்சிட்டுத் தேத்தண்ணி குடி. பனங்கூடல் பெரிய தடையில்லை. ஆலமரத்துக்குக் கீழயும் உயரக் கட்டடத்தோட ஒட்டியும் நிண்டா புள்ளி அலையும்.

22எக்ஸில காந்தத் திசைகாட்டி இல்லை. நீ நகர்ந்தால்தான் அதுக்குத் திசை விளங்கும். நிண்டபடி சுழண்டு அம்பைப் பார்த்தா பொய்தான் சொல்லும். பத்துப் பதினைஞ்சு அடி நேராய் நடந்திட்டுப் பார்.

பற்றறி இரண்டு ஏஏ. 25 மணித்தியாலம் எண்டு கம்பனிக் கணக்கு, வெளிச்சத்தைக் கூட்டினா குறையும். சார்ஜ் பண்ணுற பற்றறி 1.2 வோல்ற்தான், மெனுவில அல்கலைன் எண்டு கிடந்தா நிறைஞ்சதையும் அரைவாசி எண்டு காட்டும்.

ஒரு மீற்றர் தண்ணிக்குள்ள 30 நிமிடம் தாங்கும் எண்டுறது மூடி சரியாப் பூட்டியிருந்தால்தான். ரப்பர் வளையத்தில ஒரு மணல் கிடந்தாலே உப்புத்தண்ணி இறங்கி, பற்றறி முனை பச்சை பிடிச்சிடும். கடலால வந்தா மூடியைத் திறக்க முதல் நல்ல தண்ணியில கழுவித் துடை.

ஒரு புள்ளியைத் தெரிஞ்சு 'கோ' அமத்தினா நேர்கோடுதான் காட்டும். கடல்நீரேரியில அந்தக் கோட்டில சேறு இருக்கும், களங்கண்ணி வலைத் தடி இருக்கும். திரும்பி வர 'ட்ராக்பக்'கைப் பாவி, போன தடத்தாலயே கூட்டி வரும்.

வர முதல் உன்ர வீட்டுப் படலையைச் சராசரி எடுத்துக் குறி: நாலு தொடக்கம் எட்டுத் தரம், ஒவ்வொண்டுக்கும் குறைஞ்சது 90 நிமிட இடைவெளி. அந்த எண்ணைப் பாகைத் தசமம், நிமிடத் தசமம், செக்கன் எண்ட மூண்டு வடிவத்திலயும் எழுதி அனுப்பு, சரிபார்த்துச் சொல்லுறன்.

அன்புடன்,
உன்ர பழைய கூட்டாளி