பற்று நோட்டு கரைந்த பின் எழுதும் நன்றி மடல்

2023 டிசம்பர் வெள்ளத்தில் எனக்கும் என் குடும்பத்துக்கும் உதவிய அனைவருக்கும், தூத்துக்குடி மாவட்டம் ஏரல் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருக்கும் நான் எழுதுவது. சபையாருக்கு ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம். மற்றப் பெரியோர்களுக்கும் தம்பிமார்களுக்கும் என் பணிவான வணக்கம்.

இம்மடல் ஓராண்டு தாமதமாக வருகிறது. கடையைத் திரும்ப எழுப்பும் அலைச்சலில் நேரம் கிடைக்கவில்லை என்று கேட்டவர்களிடம் சொல்லி வந்தேன். அது முழு உண்மையன்று. நன்றி சொல்ல உட்காரும்போதெல்லாம் முதலில் சொல்ல வேண்டியது வேறொன்று இருந்தது, அதை எழுதக் கை வரவில்லை. அதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் மழை கொட்டியதென்று பின்னர் செய்தியில் அறிந்தோம். எங்களுக்கு அன்று தெரிந்ததெல்லாம், விடாத மழையில் குடை பிடித்து ஆராதனைக்குப் போனதும், வந்திருந்த பதினைந்து இருபது பேராக நின்று “உம்முடைய ராஜ்யம் வருவதாக” என்று கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னதும்தான். மாலையில் மின்சாரம் போயிற்று. தெருவே மெழுகுவர்த்திக்கு என் கடைக்கு வந்தது. பாக்கெட்டைப் பிரித்துச் சில்லறையாக விற்கும் மெழுகுவர்த்தியில் விலை அச்சிட்டிருப்பதில்லை. பத்து ரூபாய்க்கு விற்பதை இருபது ரூபாய்க்கு விற்றேன். தராசிலும் எடைக்கல்லிலும் அரசு முத்திரை இருக்கிறதா என்று அதிகாரி வந்து பார்ப்பார். நான் எடையில் ஒருநாளும் குறை வைத்ததில்லை என்ற பெருமை எனக்கு எப்போதும் உண்டு. முத்திரை இல்லாத இடத்தில் என் நேர்மை எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்த ஒரு மாலை எனக்குக் காட்டிவிட்டது.

அன்றிரவு தாமிரபரணி ஊருக்குள் வந்தது. நடுச்சாமத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போய் ஆலய மணியை நிறுத்தாமல் அடித்த எங்கள் உபதேசியாருக்கு என் முதல் நன்றி. அந்த மணிச் சத்தம் கேட்டிராவிட்டால் கட்டிலில் படுத்திருந்த என் தாயாரை நாங்கள் மேட்டுக்குக் கொண்டு சேர்த்திருக்க மாட்டோம். தாயாரை நாற்காலியோடு தூக்கி வந்த நான்கு இளைஞர்களில் இருவர் ஆலயத்துக்கு வராதவர்கள் என்று வாலிபர் சங்கக் கூட்டங்களில் நாங்கள் குறைப்பட்டுக்கொண்டவர்கள்.

ஆலயத்தில் இரண்டு பகலும் இரண்டு இரவும் இருந்தோம். அடுத்து நன்றி சொல்ல வேண்டியவர்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தார். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே டப்பாவில் போட்டு வைத்து, சேர்ந்ததும் ஆலயத்தில் படைக்கும் வழக்கம் உண்டு. அதைக் காலத்துக்கு ஒவ்வாத பழக்கமென்று சபைக் கமிட்டியில் பேசியவர்களில் நானும் ஒருவன். காணிக்கை உறையில் பணமாகக் கொடுத்தால் போதுமே என்றேன். என் கடையில் மூட்டை மூட்டையாக இருந்த அரிசி நீரில் ஊறிக் கிடந்தபோது, வேதப்பாடசாலை அறையின் பரண்மேல் இருந்த அந்தப் பிடி அரிசிதான் திங்கட்கிழமை கஞ்சியாயிற்று. ஊரின் எல்லாத் தெருவாரும் ஒரே பாத்திரத்திலிருந்து வாங்கிக் குடித்தார்கள். இதை ஒரு செய்தியாக எழுத வேண்டியிருப்பதே எங்கள் சபைக்கு வெட்கம்; ஆனாலும் அது நடந்தது, நான் பார்த்தேன்.

ஸ்ரீவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸில் சிக்கியவர்களுக்குப் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைச் சமைத்துப் போட்டதை நாடே அறியும். அறியப்படாத புதுக்குடிகள் அந்த வாரம் எங்கள் ஆற்றங்கரை நெடுகிலும் இருந்தன. லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்த மீனவச் சகோதரர்களுக்கும், தங்கள் தெருவிலேயே தண்ணீர் வடியாத நிலையில் ரொட்டியும் குடிநீரும் சுமந்து வந்த பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல் ஜமாஅத்தாருக்கும், கம்பங்களை நட்டு வெளிச்சம் தந்த மின்வாரியத் தொழிலாளர்களுக்கும் நன்றி. வெளி மாவட்டத்திலிருந்து வந்த தூய்மைப் பணியாளர்களைத் தனியே சொல்ல வேண்டும். புளித்து நாறிய அரிசியும் பருப்பும் சேறும் நிறைந்த என் கடைக்குள் நானே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபோது அவர்கள் இறங்கி அள்ளினார்கள். அவர்களில் ஓர் அம்மா, “முதலாளி, நீங்க வெளிய நில்லுங்க” என்றார். அந்தச் சொல் எனக்கு இன்னும் உறுத்துகிறது. தேவனுடைய ஆளுகையில் யார் முன்னே நிற்பார்கள், யார் வெளியே நிற்பார்கள் என்று பல வருஷம் பிரசங்கத்தில் கேட்டதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

இனி பற்று நோட்டின் கதை. நாற்பது வீடுகளுக்கு மேல் என்னிடம் பற்று வைத்து வாங்கி வந்தன. வெள்ளம் வடிந்தபின் அந்த நோட்டு பக்கம் பிரிக்க முடியாத ஒரு சேற்றுக்கட்டியாகக் கிடைத்தது. யாரிடம் எவ்வளவு என்பதற்குச் சாட்சி எதுவுமில்லை. அரசு கொடுத்த 6000 ரூபாய் நிவாரணம் கைக்கு வந்த வாரத்தில், நான் யாரையும் கேட்காமலே, ஒவ்வொருவராக வந்து “அண்ணாச்சி, என் பேர்ல இவ்வளவு இருந்தது” என்று சொல்லத் தொடங்கினார்கள். கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்தார்கள். முடியாதவர்கள் தொகையைச் சொல்லிப் புது நோட்டில் எழுதச் சொன்னார்கள். என் நினைவில் இருந்ததைவிடச் சிலர் கூடுதலாகவே சொன்னார்கள். முன்பணம் கேளாமல் சரக்கு ஏற்றிவிட்ட தூத்துக்குடி மொத்த வியாபாரிக்கும் இந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிடுகிறேன். ஆனால் கடை மறுபடி திறந்தது உண்மையில் அந்தப் புது நோட்டால்தான்.

வந்தவர்களில், 17-ஆம் தேதி மாலை என்னிடம் இரண்டு மெழுகுவர்த்தி வாங்கிய அம்மாளும் ஒருவர். முந்நூற்று நாற்பது ரூபாய் என்று எண்ணி வைத்தார். அதைத் தொட முடியாமல், அன்று விலையைக் கூட்டி விற்றதை அவரிடம் சொன்னேன். “அது எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி, பிள்ளைக இருட்டுல அழுதுச்சு, வாங்கினேன்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தக் கிறிஸ்மஸ் ஆராதனையில் நட்சத்திர விளக்கும் குடிலும் இல்லை. சேறு காயாத தரையில் நின்றபடியே அதே ஜெபத்தைச் சொன்னோம். கல்லாப்பெட்டி வரைக்கும் வரக்கூடிய ஒரு ராஜ்யத்தைத்தான் இத்தனை வருஷமும் கேட்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது வந்தபோது அதைக் கொண்டு வந்தவர்களில் பாதிப் பேர் அந்த ஜெபத்தைச் சொல்லாதவர்கள்.

வேதாகமத்தில் வரும் வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பக் கொடுப்பதாக இயேசுவிடம் சொன்னான். அந்த மாலை என் கடையில் மெழுகுவர்த்தி வாங்கியவர்கள் எல்லாரும் யார் யாரென்று எனக்கு நினைவில்லை. ஐந்தாறு பேரைத் தேடிக் கொடுத்துவிட்டேன். மீதிப் பேர் தயவுசெய்து கடைக்கு வாருங்கள். ஒரு மெழுகுவர்த்திக்கு நாற்பது ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். பணமாக வாங்கக் கூச்சமென்றால் பருப்பாகவோ எண்ணெயாகவோ எடுத்துக்கொள்ளலாம் என்று என் மனைவி சொல்லச் சொன்னாள். எத்தனை வாங்கினீர்கள் என்பதற்கு நோட்டில் கணக்கில்லை. நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மளிகைக் கடைக்காரன்