டல்சாவிலிருந்து பாறசாலைக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நலம். சித்தியின் முட்டுவலி எப்படி இருக்கிறது? அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்து இந்த ஊரில் புதன்கிழமை மதியம் 12 அடித்தால் ஊர் முழுக்கச் சங்கு ஊதும். சுழற்காற்று எச்சரிக்கைச் சங்கு ஒழுங்காக ஊதுகிறதா என்று வாராவாரம் சோதிக்கிறார்கள். புதிதாக வந்தவர்கள் பதறிப்போவார்கள். மண் நம்மூர் போலவே செக்கச்செவேல், ரப்பர் மரம்தான் இல்லை.

போனில் கேட்டீர்களே, “மெட்டெல்லாம் இரவல் வாங்கினவனை எப்படிப் பெரிய பாட்டுக்காரன் என்கிறார்கள்?” என்று. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரியைத்தான் சொன்னீர்கள். போனில் சொன்னால் தீராது, எழுதுகிறேன்.

அவர் பிறந்த ஒகீமா, டல்சாவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. 1912 ஜூலை 14 பிறப்பு. அங்கே மூன்று தண்ணீர்த் தொட்டிகள் நிற்கின்றன. ஒன்றில் ‘சூடு’, ஒன்றில் ‘குளிர்’, மூன்றாவதில் ‘வுடி கத்ரியின் ஊர்’ என்று எழுதியிருக்கிறது. இடதுசாரி என்பதால் சொந்த ஊரே நெடுங்காலம் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. தொட்டியில் பேர் ஏறியது பிற்பாடுதான்.

இரவல் விஷயம் உண்மை. அவருடைய மிகப் பிரபலமான பாட்டு, ‘இந்த நிலம் உன் நிலம்’ என்று தொடங்குவது, கார்ட்டர் குடும்பம் என்ற பழைய நாட்டுப்புறப் பாட்டுக் குழு பாடிய ஒரு பக்திப் பாட்டின் மெட்டு. கொலம்பியா ஆற்று அணைகளுக்காக 1941இல் அரசாங்க மின்சார நிர்வாகம் அவரை ஒரு மாதம் வேலைக்கு வைத்தது. சம்பளம் 266 டாலர் 66 சென்ட், அவர் கொடுத்தது 26 பாட்டு. பாட்டுக்குப் பத்து டாலர் சொச்சம்! நெய்யாறு அணைக்கு மாதம் 26 பாட்டு கேட்டால் நீங்களும் பழைய மெட்டில்தான் கை வைப்பீர்கள். கேட்கிறவன் காதில் மெட்டு ஏற்கெனவே இருந்தால் முதல் தடவையிலேயே சொல் போய்ச் சேரும், இரண்டாம் தடவை அவனும் கூடப் பாடுவான். கோயில் கொடையில் வில்லுப்பாட்டுப் பாடும்போது நீங்கள் செய்வதும் இதுதானே.

ஒரு வித்தியாசம் உண்டு. உங்களுக்கு ‘ஆமா’ போட வலத்திலும் இடத்திலும் ஆள் இருக்கிறது. குடமும் உடுக்கையும் இருக்கிறது. அவர் பெரும்பாலும் ஒற்றை ஆள். அதனால் கிட்டாரே ‘ஆமா’ போட்டாக வேண்டும். கார்ட்டர் குடும்பத்து வாசிப்பு அதற்குத் தோதானது: கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மெட்டை எடுக்கும், மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளை ஒரு வீச்சாகத் தடவிவிடும். வில்லின் நாணில் நீங்கள் அடிக்கும் வீசுகோல் மாதிரியே. தடவல் பலத்துவிட்டால் மெட்டு அமுங்கிப்போகும். பழகுகிறவர்கள் தடுக்கிவிழும் இடம் அது. மூன்று கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, தெரிந்தால் அவர் பாட்டில் பாதியை வாசித்துவிடலாம். இங்கே குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் காற்றை உலர்த்திக் கிட்டார்ப் பலகையை வெடிக்க வைத்துவிடும், ஆகவே பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வைப்பார்கள். நம் உடுக்கைத் தோல் ஆடி மழையில் தொய்வதற்கு நேர்மாறு.

டல்சாவில் அவர் பெயரில் 2013இல் திறந்த காட்சியகத்தில் ‘இந்த நிலம் உன் நிலம்’ பாட்டை அவர் எழுதிய தாளைப் பார்க்கலாம். ஆறு சரணம். ஒவ்வொன்றின் கடைசி அடியும் முதலில் ‘கடவுள் எனக்காக அமெரிக்காவை வாழ்த்தினார்’ என்று இருந்தது. ரேடியோவில் ஓயாமல் ஒலித்த ஒரு தேசபக்திப் பாட்டுக்கு எரிச்சலோடு எழுதிய பதில் அது. பிறகு அதை அடித்துவிட்டு ‘உனக்கும் எனக்கும் ஆன நிலம்’ என்று மாற்றினார். தாளின் அடியில் பெயர், 1940 பிப்ரவரி 23 என்ற தேதி, நியூயார்க்கில் தங்கிய விடுதி, அது இருந்த தெருமுனை வரை எழுதியிருக்கிறார். ‘தனியார் நிலம், உள்ளே வராதே’ என்ற பலகையைக் கிண்டல் செய்யும் சரணத்தைப் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். தாளில் அது தப்பியிருக்கிறது.

மற்றப் பல பாட்டுகளில் தப்பாமல் போனது மெட்டு. ஐம்பதுகளில் தீக்காயம் பட்டுக் கை கிட்டாருக்கு ஒத்துழைக்கவில்லை. கூடவே மூளை நரம்புகளைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய், தாயிடமிருந்து வந்தது. தடுமாற்றத்தைக் குடி என்றே முதலில் நினைத்தார்கள். 1967 அக்டோபர் 3இல் இறந்தபோது சுமார் 3000 பாட்டுகள் தாளில் இருந்தன. பலவற்றுக்கு என்ன மெட்டு என்று எங்கும் இல்லை, அவர் தலையோடு போயிற்று. மகள் நோரா வேறு பாடகர்களிடம் கொடுத்துப் புது மெட்டுப் போட வைத்தார். அவையும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் அவர் பாடியது அதுவல்ல.

இரவல் மெட்டில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை, சித்தப்பா. எங்கே இரவல் வாங்கினோம் என்று எழுதாததுதான் நஷ்டம். உங்கள் சிவப்பு அட்டை நோட்டில் சொல் மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் எந்தக் கதையின் எந்த இடத்து மெட்டு, எத்தனை கட்டை, எந்தக் கோயில் கொடைக்கு எந்த வருஷம் எழுதியது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கொடையில் நேரம் போதாமல் விட்ட அடிகளையும் ஓரத்தில் எழுதுங்கள். கண் சரியில்லை என்றால் தம்பி போனில் முதல் இரண்டு அடியை மட்டும் பாடிப் பதிவு செய்தால் போதும். பதிவுக்குள் பாட்டின் பேரையும் வாயால் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு எது எதென்று தெரியாது.

நோட்டைக் கூரை இறவாணத்தில் செருகி வைக்காதீர்கள், கரையான் ஏறும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்