அக்கா ஊரிலிருந்து

அன்புள்ள செந்தில்,

இங்கே அக்கா, மாமா, குட்டி எல்லாரும் சௌக்கியம். "எரிமலை மேலயா குடியிருக்காங்க?" என்று போனில் சிரித்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஆமாம், எரிமலை மேல்தான். நியூசிலாந்தின் இந்த ஆக்லாந்து நகரத்துக்குள்ளும் சுற்றிலும் 50-க்கும் மேல் இருக்கிறதாம். வீடுகளுக்கு நடுவில் புல் மூடிய மேடு தெரிந்தால் அநேகமாக அது எரிமலைதான். ஒரு மலை ஒருமுறை வெடித்தால் பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும். ஆனால் பூமிக்கு அடியில் இருப்பது அணையவில்லை, அடுத்தது வந்தால் புது இடத்தில்தான் கிளம்பும் என்கிறார் மாமா. கருவி வைத்துக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறார்கள். அப்பாவிடம் இதில் பாதிதான் சொல்லியிருக்கிறேன். நீயும் உளறி வைக்காதே.

மவுண்ட் ஈடன் என்கிற எரிமலைக்கு அக்கா கூட்டிப்போனாள். 196 மீட்டர்தான், என் முட்டியே ஒத்துக்கொண்டது. உச்சியில் 50 மீட்டர் ஆழத்துக்குப் பெரிய பள்ளம், அடிவரை பசும்புல். உள்ளே இறங்கக் கூடாது. இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு அது புனித இடம். சரிவெல்லாம் படிப்படியாக வெட்டி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேர்த்துவைக்கக் குழி தோண்டி, ஒரு காலத்தில் அங்கேயே வாழ்ந்திருக்கிறார்கள். இந்த மலைகளை முன்னோர் என்றே சொல்கிறார்கள். 2014-ல் சட்டம் போட்டு 14 மலைகளை 13 பழங்குடிகளிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 2016-லிருந்து மவுண்ட் ஈடன் உச்சிக்குக் கார் விடுவதில்லை. நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் விலக்கு. திருவண்ணாமலையில் மலையையே சாமியாகக் கும்பிடுகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. விளிம்பைச் சுற்றிப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தேன். அக்காவுக்கு ஒரே கூச்சம்!

மேலே நின்றால் இரண்டு பக்கமும் கடல். வடக்கே வைத்தமாத்தா துறைமுகம், தென்மேற்கே மனுகாவ் துறைமுகம். எதிரே கடலில் ரங்கிதோதோ தீவு. இந்த எரிமலைகளில் அதுதான் கடைக்குட்டி, வெடித்து 600 வருஷம்தான் ஆகிறது. பக்கத்துத் தீவில் அந்தச் சாம்பலில் மனுஷர் காலடியும் நாய்க் காலடியும் பதிந்து கிடைத்திருக்கின்றன. படகில் அரை மணிகூட ஆகாது. தரையெல்லாம் கருங்கல் நொறுக்கு, மண்ணே கிடையாது, ஓடையும் இல்லை. அதிலும் போஹுதுகாவா மரம் காடாக வளர்ந்திருக்கிறது. கடை கிடையாது, தண்ணீர், சாப்பாடு நாம்தான் கொண்டுபோக வேண்டும். கடைசிப் படகை விட்டால் திண்டாட்டம்.

சனிக்கிழமை காலை ஓத்தாரா சந்தை. சமோவா, தொங்கா என்கிற பசிபிக் தீவுகளைச் சேர்ந்த பெண்கள் காதில் பூ வைத்துக்கொண்டு, முழங்கை நீளச் சேப்பங்கிழங்கைக் குவித்து வைத்திருக்கிறார்கள். நான் அழுத்திப் பார்த்து எடுப்பதைக் கண்டு ஒரு அம்மாள் சிரித்துவிட்டு, தானே நல்லதாக நாலு பொறுக்கிக் கொடுத்தாள். வறுவல் பிரமாதமாக வந்தது. இந்த ஊரில் பத்துப் பேரில் நாலு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்களாம். சாண்ட்ரிங்ஹாம் ரோட்டில் இட்லி அரிசியே கிடைக்கிறது. வானளாவக் கோபுரம் ஒன்று உண்டு. ஏற ஆசைப்பட்டால் ஏறிக்கொள், நான் வரவில்லை.

டிசம்பரில் வா. அங்கே மார்கழிக் குளிர் என்றால் இங்கே கோடை, அந்தப் போஹுதுகாவா மரமெல்லாம் சிவப்பாகப் பூக்கும். பச்சைக் கறிவேப்பிலை, பழம் எதுவும் கட்டாதே. ஊறுகாய், பொடி கொண்டுவந்தால் பயணிகள் அறிவிப்புப் படிவத்தில் மறக்காமல் எழுதிவிடு. மறைத்தால் 400 டாலர் அபராதம். ஷூவில் ஒட்டிய மண்ணைக்கூடப் பார்க்கிறார்கள், கழுவி எடுத்துவா. அப்பாவையும் கிளப்பிக்கொண்டு வா. டிக்கெட் போட்டுவிட்டுச் சொன்னால் மறுக்க மாட்டார்.

அன்புடன்,
அம்மா