132-ஆம் பாகத்தை என்ன செய்யப்போகிறீர்கள்?

சால்ட் லேக் சிட்டியில் உள்ள பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் (மார்மன் சபை) தலைமைக்கு,

வணக்கம். நான் உங்கள் சபையைச் சேர்ந்தவன் அல்ல. ஒருகாலத்தில் தேவ கட்டளை என்று உங்கள் சபை கைக்கொண்ட, ஓர் ஆண் பல பெண்களை மணக்கும் பலதார மணத்தைப் பற்றித்தான் கேட்கிறேன். உங்களை மட்டும் கூண்டில் ஏற்றும் எண்ணமும் இல்லை. 1879-ல், பலதார மணம் செய்த உங்கள் உறுப்பினர் ரெனால்ட்ஸின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதிய விதம் எனக்கே உறுத்துகிறது. மனதில் எதை வேண்டுமானாலும் நம்பலாம், நடத்தைக்குச் சட்டம் உண்டு என்ற வாதம் சரிதான். ஆனால் பலதார மணம் ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் வழக்கம், ஐரோப்பியருக்கு அருவருப்பானது என்றும் அதில் இருக்கிறது. கணவனின் சிதையில் ஏறும் மனைவியை வேறு உதாரணத்துக்கு இழுத்திருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து படிப்பவனுக்கு இது சட்டமாகவா கேட்கும்? இளக்காரமாகத்தான் கேட்கிறது.

அப்புறம் பலதார மணத்தை ஒடுக்க 1887-ல் வந்த சட்டம் உங்கள் சபையின் சட்ட அந்தஸ்தைக் கலைத்தது, சொத்தில் கைவைத்தது. 1870 முதல் ஓட்டுப் போட்டுவந்த யூட்டா பெண்களின் வாக்குரிமையையும் பறித்தது. பெண்களைக் காப்பாற்ற வந்த சட்டமாம்! 1890 மே மாதம் நீதிமன்றமும் அதற்குத் தலையாட்டியது. செப்டம்பரில் உங்கள் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப் பலதார மணத்தைக் கைவிடும் அறிக்கை விட்டார். சட்டத்துக்குக் கீழ்ப்படிகிறோம் என்றார். செய்தது தவறு என்று சொல்லவில்லை. அதன்பிறகும் சில பலதார மணங்கள் ரகசியமாக நடந்து, 1904-ல் இரண்டாவது அறிக்கை தேவைப்பட்டது.

சரி, அது பழங்கதை. இன்று பலதார மணம் சட்டப்படி செல்லும் நாடுகளிலும் உங்கள் உறுப்பினர்களுக்கு அது கூடாது என்கிறீர்கள். அப்படியானால் காரணம் சட்டம் இல்லை. வேறு என்ன? "அன்று தேவன் கட்டளையிட்டார், பிறகு நிறுத்தினார்" என்பீர்கள். ஆனால் பலதார மணத்துக்கு இடம் கொடுத்து, உங்கள் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1843-ல் எழுதவைத்த வெளிப்பாடு, 132-ஆம் பாகமாக உங்கள் வேதநூலில் அப்படியே இருக்கிறது. பலதார மணத்தைக் கைவிடாததால் நீங்கள் சபையை விட்டு விலக்கும் அடிப்படைவாதக் குழுக்களும் அதையேதான் விரித்துக் காட்டுகிறார்கள். அவர்களைப் போலிகள் என்று உங்களால் சொல்ல முடிகிறது. அவர்கள் படிக்கும் பக்கத்தைத் தவறு என்று சொல்ல முடியவில்லை.

ஜோசப் ஸ்மித்துக்கு முத்திரிக்கப்பட்ட, அதாவது மறுமையிலும் நீடிக்கும் என்று நீங்கள் நம்பும் சடங்கில் மனைவியாக இணைக்கப்பட்ட, பெண்களில் ஒருத்திக்கு 15 வயதுகூட நிரம்பவில்லை என்று 2014-ல் நீங்களே எழுதினீர்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன். அதையே, இந்த முத்திரிப்பு நடக்கும் ஆலயத்துக்குள்ளும் எதிர்பார்க்கிறேன். மனைவியை இழந்த ஆண் இன்னொருத்தியை மணந்தால், இருவரோடும் நித்தியத்துக்கும் முத்திரிக்கப்படலாம். கணவனை இழந்த பெண்ணுக்கோ, முதல் முத்திரிப்பு இருக்கும்வரை, உயிரோடிருக்கும் காலத்தில் இரண்டாம் கணவரோடு அது கிடையாது. நிறுத்திவிட்டோம் என்கிற பலதார மணத்துக்கு மறுமையில் மட்டும் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள், அதுவும் ஆண்களுக்கு.

ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போகும் உங்கள் சபைப் பெண் ஒருத்தி, "மறுமையில் நான் இவருக்கு ஒரே மனைவியா, இரண்டாவது மனைவியா?" என்று உங்கள் பிஷப்பிடம் கேட்டால், அவர் என்ன பதில் சொல்லவேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்?

இப்படிக்கு,
வெளியிலிருந்து படிக்கும் ஒருவன்