வரி வாஷிங்டனுக்கு, செலவு ஊருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க அப்பா தினமும் காலைல உங்க பேப்பர்ல வர்ற முக்கியமான பக்கங்களை போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்ல அனுப்புவார். அமெரிக்காவுல பேப்பர் இல்லாம, அதாவது விசா மாதிரி அனுமதிப் பத்திரம் எதுவும் இல்லாம இருக்கறவங்க பத்தி நீங்க போட்ட கட்டுரையும் அப்படித்தான் எனக்கு வந்துச்சு. இவங்க வரியே கட்டறதில்ல, இவங்களாலதான் அமெரிக்க கஜானா காலியாகுதுங்கற மாதிரி அதுல எழுதியிருந்தாங்க. மறுநாளே எங்க சொந்தக்காரங்க குரூப்ல என் தங்கச்சி வீட்டுக்காரர் அதுக்கு நேர் எதிரா ஒண்ணு போட்டார், இவங்க இல்லன்னா அமெரிக்காவே படுத்துடும், செலவுன்னு ஒண்ணுமே கிடையாதுன்னு. ரெண்டு பேரும் பாதி உண்மையை வச்சுக்கிட்டு சண்டை போடறாங்கன்னு எனக்கு பட்டுச்சு, அதனாலதான் இந்த லெட்டர்.

நான் ஹூஸ்டன்ல இருக்கேன், வந்து 19 வருஷம் ஆச்சு. வருஷா வருஷம் ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் ஒரு சின்ன டேக்ஸ் ஆபீஸ்ல ரிட்டர்ன் போட்டுக் குடுக்கற வேலை. அங்க வர்றவங்கள்ல கூரை போடறவங்க, பெயின்ட் அடிக்கறவங்க, வீடு க்ளீன் பண்றவங்க நிறைய. அதுல பல பேருக்கு சோசியல் செக்யூரிட்டி நம்பர், அதாவது இங்க வேலைக்கும் பென்ஷனுக்கும் வேண்டிய அரசாங்க நம்பர், கிடையாது. அவங்களுக்குன்னு ஐஆர்எஸ்ங்கற மத்திய வரித் துறை 1996ல இருந்து ஐடின்னு ஒரு நம்பர் குடுக்குது, 9ல ஆரம்பிக்கும். அந்த நம்பரை வச்சு வேலை செய்யற உரிமை கிடைக்காது, விசா கிடைக்காது, வரி மட்டும் கட்டலாம். கூரை வேலை பாக்கற ஒருத்தர் வருஷா வருஷம் மார்ச் மாசம் ஒரு ஷூ டப்பா நிறைய ரசீது எடுத்துட்டு வருவார், ஆணி வாங்கினது, ஏணி வாங்கினது, டிரக்குக்கு பெட்ரோல் போட்டதுன்னு எல்லாம் தேதிவாரியா அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். தனியா தொழில் பண்றவர்ங்கறதால வருமான வரி போக 15.3 சதவீதம் சோசியல் செக்யூரிட்டி பென்ஷனுக்கும் மெடிகேர்ங்கற வயசானவங்க வைத்தியக் காப்பீட்டுக்கும் கட்டறார். அந்த பென்ஷன் அவருக்கு வராது, அது அவருக்கே தெரியும். சம்பளம் குறைவா இருக்கற குடும்பங்களுக்கு அரசாங்கம் திருப்பித் தர்ற க்ரெடிட் ஒண்ணு இருக்கு, அதுவும் சோசியல் நம்பர் இல்லாதவங்களுக்கு கிடையாது.

ஒரு ஆளை மட்டும் வச்சு சொல்லல. ஐடெப்னு வாஷிங்டன்ல ஒரு வரி ஆய்வு நிறுவனம் இருக்கு (கொஞ்சம் இடதுசாரிப் பக்கம் சாய்ஞ்சவங்கதான், அதையும் சொல்லிடறேன்), அவங்க கணக்குப்படி 2022ல மட்டும் பேப்பர் இல்லாதவங்க கட்டின வரி 9,670 கோடி டாலர். அதுல 5,940 கோடி நேரா மத்திய அரசுக்கு, மிச்சம்தான் மாநிலத்துக்கும் ஊருக்கும். சோசியல் செக்யூரிட்டிக்கு போனது மட்டும் 2,570 கோடி. அடுத்தவங்க நம்பர்லயோ பொய் நம்பர்லயோ வேலை செய்யறவங்களுக்கு பேரும் நம்பரும் ஒத்துப்போகலைன்னா அந்த சம்பளக் கணக்கு யார் பேர்லயும் சேராம தனியா ஒரு ஃபைல்ல ஏறிக்கிட்டே இருக்கு, பிடிச்ச வரி மட்டும் பொது நிதிக்குப் போயிடுது. அடுத்தவங்க நம்பரை எடுத்து வேலை செய்யறது தப்பு, நம்பருக்கு சொந்தக்காரங்க படற தொந்தரவையும் நான் பாத்திருக்கேன், அதுக்கு நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். ஆனா வரியே கட்டலைன்னு சொல்றது மட்டும் தப்புங்க.

இப்ப இன்னொரு பக்கத்துக்கு வரேன், ஏன்னா என் தங்கச்சி வீட்டுக்காரரும் இதைப் படிப்பார்.

டெக்சாஸ்ல மாநில வருமான வரியே கிடையாது. இங்க ஊர் நடக்கறது வீட்டு வரியில, அதாவது ப்ராபர்ட்டி டேக்ஸ்ல. என் வீட்டு பில்லைப் பிரிச்சா பெரிய பங்கு ஸ்கூலுக்கு, அப்புறம் கவுன்டிக்கு (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), அப்புறம் கவுன்டி ஆஸ்பத்திரிக்குன்னு தனி வரி. வாடகை வீட்ல இருக்கற கூரைக்காரரும் வாடகை மூலமா இதை கட்டறார்தான், கடைல வாங்கற பல சாமானுக்கு 8.25 சதவீதம் சேல்ஸ் டேக்ஸும் கட்டறார். ஆனா ஸ்கூல்ல அவரோட ரெண்டு பிள்ளைங்க, ஊருக்குப் புதுசா வந்த பிள்ளைன்னா இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க தனி டீச்சர் வேணும், அந்த சம்பளம் உள்ளூர்லதான் விழுது. பிள்ளைங்களை சேர்த்துக்க மாட்டேன்னு ஸ்கூல் சொல்லவும் முடியாது. அந்த கேஸே எங்க டெக்சாஸ்ல இருந்து போனதுதான். 1975ல ஒரு சட்டம் போட்டு பேப்பர் இல்லாத பிள்ளைங்களுக்கு மாநிலம் பணம் தராதுன்னாங்க, டைலர்ங்கற ஊர்ல ஒரு பிள்ளைக்கு வருஷம் 1,000 டாலர் ஃபீஸ் கேட்டாங்க, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1982ல 5க்கு 4ன்னு பிள்ளைங்க பக்கம் தீர்ப்பு வந்துச்சு. அந்தத் தீர்ப்பு சரின்னு நான் மனசார நம்பறேன், பிள்ளை எந்த பார்டரையும் தானா தாண்டல. ஆனா தீர்ப்பு சொன்ன கோர்ட் டீச்சர் சம்பளம் தர்றதில்ல. ஆஸ்பத்திரிலயும் இதே கதை, 1986 சட்டப்படி எமர்ஜென்சிக்கு வந்த யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, பணம் இருக்கான்னு கேக்காம முதல்ல பாக்கணும். சட்டம் வாஷிங்டன்ல போட்டது, கட்டாத பில் கவுன்டி தலைல.

2006ல எங்க மாநிலத்து கணக்கு அதிகாரி, ரிபப்ளிகன் கட்சி சார்பா ஜெயிச்சு வந்தவங்கதான், கேரல் கீட்டன் ஸ்ட்ரேஹார்ன்னு பேரு, ஒரு ரிப்போர்ட் போட்டாங்க. டெக்சாஸ்ல அப்ப பேப்பர் இல்லாதவங்க சுமார் 14 லட்சம். இவங்களால மாநிலத்துக்கு வந்த வருமானம் 158 கோடி டாலர், மாநிலம் செஞ்ச செலவு 116 கோடி. ஆக மாநிலத்துக்கு லாபம். ஆனா அதே ரிப்போர்ட்ல உள்ளூர் ஆஸ்பத்திரிங்களும் ஜெயிலும் போலீஸும் சுமந்த செலவு 144 கோடின்னு இருக்கு. ஒரே ரிப்போர்ட், ஒரே ஜனங்க, ஒரு ஆபீஸுக்கு லாபம், தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கற ஆபீஸுக்கு நஷ்டம். இத்தனை வருஷத்துல இந்த விஷயத்துல நான் படிச்சதுலயே நேர்மையான கணக்கு இதுதான்.

சமீபத்துல நாடாளுமன்றத்தோட பட்ஜெட் அலுவலகம், சிபிஓன்னு சொல்வாங்க, எந்தக் கட்சியும் சாராதது, அவங்க போட்டதும் அப்படியேதான் வருது. 2021க்கு அப்புறம் வழக்கத்தைவிட அதிகமா வந்தவங்களால 2024ல இருந்து 2034க்குள்ள மத்திய அரசோட பற்றாக்குறை 90,000 கோடி டாலர் குறையும்னு 2024ல சொன்னாங்க. அதே ஆபீஸ் 2025ல மாநிலம், ஊர் கணக்கை மட்டும் பாத்தப்ப 2023 ஒரே வருஷத்துல வந்த வரி 1,010 கோடி, ஆன செலவு 1,930 கோடி, அதாவது 920 கோடி துண்டு. உங்க கட்டுரைல ரெண்டாவது கணக்கு மாதிரி ஒண்ணு இருந்துச்சு, எங்க குரூப்ல முதல் கணக்கு சுத்துச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாதான் ஏன் இவ்ளோ கோவம்னு புரியும். மத்திய கஜானா நிரம்பறது யார் கண்ணுக்கும் தெரியாது, பிள்ளையோட க்ளாஸ்ல 5 பேர் கூடினா எல்லாருக்கும் தெரியும், எமர்ஜென்சில 6 மணி நேரம் உக்காந்தா அன்னிக்கே ஒரு ஓட்டு மாறிடும்.

இதை எங்க கவர்னர் கிரெக் அபாட் நல்லா புரிஞ்சுக்கிட்டவர். 2022 ஏப்ரல்ல இருந்து பார்டர்ல வந்து இறங்கினவங்களை பஸ்ல ஏத்தி வாஷிங்டன், நியூயார்க், சிகாகோன்னு அனுப்பினார், மொத்தம் ஒரு லட்சம் பேருக்கு மேல. மனுஷங்களை பார்சல் மாதிரி அனுப்பினதை என்னால ஏத்துக்கவே முடியல, டிசம்பர் குளிர்ல கைக்குழந்தையோட இறங்கினவங்களை டிவில பாத்து அழுதிருக்கேன். ஆனா அரசியலா அது வேலை செஞ்சுச்சு. நியூயார்க்ல 1981ல இருந்தே தங்க இடம் கேக்கறவங்களுக்கு நகரம் இடம் தரணும்னு ஒப்பந்தம் இருக்கு, ரெண்டு லட்சம் பேருக்கு மேல வந்து சேர்ந்தாங்க, ரூஸ்வெல்ட் ஹோட்டலையே எடுத்து பதிவு பண்ற இடமா மாத்தினாங்க, பில்லியன் கணக்குல செலவு, டெமாக்ரட் மேயரே சொந்தக் கட்சி ஜனாதிபதியை எதிர்த்துப் பேசற நிலைமை வந்துச்சு. இங்க ஒண்ணு சொல்லணும். அந்த பஸ்ல வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க பார்டர்ல தாங்களா அதிகாரிங்ககிட்ட சரணடைஞ்சு கோர்ட் தேதி வாங்கினவங்க, அவங்களை ஒரே வார்த்தைல சட்டவிரோதம்னு எழுதறது சரியில்ல. அடைக்கலம் கேட்டு மனு போட்டு 150 நாள் கழிச்சுதான் வேலை பர்மிட்டுக்கே எழுதிப் போட முடியும், 180 நாள் முடியாம அது கைக்கு வராது. ஆறு மாசம் வேலை செய்யக் கூடாதுன்னு சொன்னது மத்திய அரசு, அந்த ஆறு மாசம் சோறு போட்டது நகரம்.

ஓட்டு விஷயத்துலயும் உங்க கட்டுரைல குழப்பம் இருந்துச்சு. இவங்களுக்கு ஓட்டு கிடையாது, ஆனா சென்சஸ்ல எண்ணுவாங்க. அரசியலமைப்போட 14ஆவது திருத்தம் மொத்த மனுஷங்களை எண்ணச் சொல்லுது, அதை வச்சுத்தான் எந்த மாநிலத்துக்கு எத்தனை எம்பி சீட்டுன்னு முடிவாகும். 2020 சென்சஸ்க்கு அப்புறம் டெக்சாஸுக்கு 2 சீட்டு கூடுச்சு. இவங்களை கணக்குல இருந்து எடுக்கணும்னு ட்ரம்ப் 2020 ஜூலைல ஒரு உத்தரவு போட்டார், நடக்கறதுக்குள்ள ஆட்சி மாறிடுச்சு, 2025ல திரும்பவும் அதையே பேச ஆரம்பிச்சார். இவங்க எல்லாரும் டெமாக்ரட் ஓட்டுன்னு நினைக்கறதும் தப்பு. 1994ல கலிஃபோர்னியாவுல 187ன்னு ஒரு தீர்மானம் வந்துச்சு, பேப்பர் இல்லாதவங்களுக்கு ஸ்கூலும் வைத்தியமும் கிடையாதுன்னு, மக்கள் ஓட்டுல ஜெயிச்சுது, கோர்ட் நிறுத்திடுச்சு, அந்த கோவத்துல லத்தீன் அமெரிக்க வம்சாவளி ஜனங்க ரிபப்ளிகன் கட்சியை அங்க பல வருஷத்துக்கு ஒதுக்கிட்டாங்க. எங்க டெக்சாஸ் பார்டர்ல நடந்ததோ தலைகீழ். ஸ்டார் கவுன்டின்னு ஒண்ணு, நூத்துக்கு 97 பேர் லத்தீன் ஜனங்க, 2016ல ஹிலாரிக்கு 79 சதவீதம் போட்ட இடம், 2024ல ட்ரம்ப் ஜெயிச்சார், நூறு வருஷத்துக்கு மேல அங்க எந்த ரிபப்ளிகனும் ஜனாதிபதி தேர்தல்ல ஜெயிச்சதில்ல.

நம்ம ஆளுங்க பத்தியும் சொல்லிடறேன். க்ரீன் கார்டுக்கு பத்து பதினஞ்சு வருஷமா லைன்ல நிக்கறவங்களுக்கு, அம்மா சாவுக்குக் கூட ஊருக்குப் போகலாமா, போனா விசா ஸ்டாம்பிங் சிக்குமான்னு பயந்தவங்களுக்கு, குறுக்கு வழில வந்தவங்க மேல கோவம் வரும். எனக்கும் வந்திருக்கு, அதை மறைக்க மாட்டேன். ஆனா அதே நம்ம ஆளுங்கதான் வீட்டுக் கூரை மாத்தும்போது எவன் கம்மியா கேக்கறான்னு பாத்து கேஷா குடுக்கறோம். லாபம் பாக்கறது யாருன்னு நேரா கேக்கணும். வேலைக்கு எடுக்கறதுக்கு முன்னாடி பேப்பரை சரிபாக்கற ஈ-வெரிஃபை சிஸ்டத்தை ஃபுளோரிடா 2023ல 25 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற கம்பெனிகளுக்கு கட்டாயம் ஆக்குச்சு. பார்டர் பத்தி இவ்ளோ பேசற எங்க டெக்சாஸ்ல மாநில அரசாங்க ஆபீஸ் மாதிரி சிலதுக்குத்தான் கட்டாயம், எல்லா தனியார் கம்பெனிக்கும்னு மசோதா வந்து வந்து செத்துப்போச்சு. வீடு கட்டறவங்களுக்கு ஆள் வேணும், அவ்ளோதான்.

2025 பிப்ரவரி 5ஆம் தேதி ராணுவ விமானத்துல 104 பேரை அமிர்தசரஸ்ல கொண்டுபோய் இறக்கினாங்களே, கை கால்ல விலங்கோட, அதை உங்க பேப்பர்லயும் முதல் பக்கத்துல போட்டீங்க. அன்னிக்கு எங்க ஆபீஸ்ல யாரும் சரியா சாப்பிடல. ஏஜென்ட்கிட்ட நிலத்தை வித்து லட்சக்கணக்குல குடுத்தவங்க அதுல இருந்தாங்க.

பணம் இல்லாம இல்ல. 2025 ஜூலைல வந்த சட்டத்துல பார்டருக்கும் பிடிச்சு அடைக்கறதுக்கும் சேர்த்து சுமார் 17,000 கோடி டாலர், அதுல அடைச்சு வைக்கற இடங்களுக்கு மட்டும் 4,500 கோடி. டெக்சாஸ் 2021ல இருந்து பார்டர்ல போலீஸ் நிறுத்த 1,100 கோடிக்கு மேல செலவு பண்ணுச்சு, அந்த மாதிரி செலவை மாநிலங்களுக்கு திருப்பித் தரவும் 1,350 கோடி ஒதுக்கினாங்க. வேலி போட்ட காசு திரும்ப வருது. எமர்ஜென்சில வைத்தியம் பாத்த கவுன்டிக்கும் டீச்சர் வச்ச ஸ்கூலுக்கும் அந்த மாதிரி யாரும் கேக்கல. இதுக்கு வழியும் இல்லாம இல்ல, 2003ல புஷ் போட்ட மெடிகேர் சட்டத்துலயே இந்த மாதிரி எமர்ஜென்சி செலவுக்காக ஆஸ்பத்திரிகளுக்கு வருஷம் 25 கோடி டாலர்னு 4 வருஷத்துக்கு ஒதுக்கினாங்க, அப்புறம் புதுசா ஒதுக்காம விட்டுட்டாங்க. சோசியல் செக்யூரிட்டிக்கு இவங்க கட்டி இவங்களே எடுக்க முடியாத பணத்துல ஒரு பங்கு அந்த ஊர் ஸ்கூலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனா இந்த சண்டைல பாதி சூடு இறங்கிடும்னு நான் நம்பறேன். அதைப் பேசினா கோவத்தை வச்சு ஓட்டு வாங்க முடியாது, அதான் ரெண்டு கட்சியும் பேச மாட்டேங்குது.

அதனால உங்ககிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான். அடுத்த தடவை இதைப் பத்தி போடும்போது எந்த அரசாங்கத்தோட கணக்குன்னு சேர்த்துப் போடுங்க, மத்திய அரசா, மாநிலமா, கவுன்டியா. ஊர்ல உங்க பேப்பரைப் படிச்சுட்டு இங்க இருக்கற பிள்ளைங்களுக்கு போன் பண்ணி பேசற அப்பா அம்மா ஆயிரக்கணக்குல இருக்காங்க.

2025 ஏப்ரல் 7ஆம் தேதி ஐஆர்எஸ் தன்கிட்ட இருக்கற விலாசங்களை குடியேற்ற போலீஸுக்கு குடுக்கலாம்னு ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. ரிட்டர்ன் போட கடைசி தேதிக்கு 8 நாள் இருந்துச்சு. நான் சொன்னேனே அந்த கூரைக்காரர், அவர் ரிட்டர்ன் அப்ப என் டேபிள் மேலதான் இருந்துச்சு, கையெழுத்து மட்டும் பாக்கி. போன் பண்ணி, போடவா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கன்னு கேட்டார். எனக்கு பதில் தெரியல. ரெண்டு நாள் கழிச்சு வந்து கையெழுத்துப் போட்டுட்டு, 2,300 டாலருக்கு செக் எழுதி வச்சுட்டுப் போனார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி ஒருத்தி,
ஹூஸ்டன், டெக்சாஸ்