இரைச்சலுக்கு 18,500 ரூபாய்: என் பணத்தைத் திருப்பித் தாருங்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். போன மாதம் உங்களிடம் ஓடர் செய்த, டீப் பர்பிள் என்ற ஆங்கில ரொக் இசைக்குழுவின் மூன்று சீடி பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். "டீப் பர்பிள், 1969 முதல் 1973 வரை, இதுவரை எங்கும் வெளிவராத ஸ்டூடியோ டெமோக்கள், கைவிடப்பட்ட டேக்குகள்" என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். டெமோ என்றால் அல்பத்துக்கு முன் வாசித்துப் பார்த்த பதிவு, டேக் என்றால் ஒரு பாட்டை ஒரு தடவை வாசித்த பதிவு, அப்படித்தானே? விலை 18,500 ரூபாய், கூரியருக்குத் தனியாக 650. ரசீதின் படத்தையும் ஓடர் இலக்கத்தையும் இணைத்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், விளம்பரத்தில் சொன்ன பொருளை நீங்கள் அனுப்பவில்லை, எனக்கு முழுப் பணமும் திரும்ப வேண்டும்.

ஏற்கெனவே ஒரு தடவை அழைத்துப் பேசினேன். பேசிய தங்கச்சி மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் குறை இல்லை. ஆனால் "சீல் உடைத்த சீடியைத் திருப்பி எடுக்க மாட்டோம் அண்ணா, வேணுமென்றால் வேறு சீடி வாங்கக் கூப்பன் தருகிறோம்" என்றார். சீலை உடைக்காமல் உள்ளே என்ன பாட்டு இருக்கிறதென்று எப்படிக் கண்டுபிடிப்பது? தேங்காய் மாதிரிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பதா?

இந்தப் பாட்டெல்லாம் ஊரில் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்து அனுப்பியிருந்தால், அனுப்பிய விலாசம் பிழை. எண்பதுகளில் என் அண்ணா திருகோணமலையில் ரெக்கோடிங் பார், அதாவது கசெட்டில் பாட்டு அடித்துக் கொடுக்கும் கடை, வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் நான் நேரே அங்கேதான். சனம் கேட்டு வருவதெல்லாம் சினிமாப் பாட்டு, ஆனால் கப்பலில் வேலை செய்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்த இரண்டு எல்பி அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது, டீப் பர்பிளின் இன் ரொக், மெஷின் ஹெட் அல்பங்கள். முதலாவது 43 நிமிடம் சொச்சம், மற்றது 37 நிமிடம் சொச்சம், சி-90 கசெட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம், ஆக இரண்டும் ஒரே கசெட்டில் வெட்டாமல் கொத்தாமல் அடங்கிவிடும். அப்படி எத்தனை பேருக்கு அடித்துக் கொடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. அப்புறம் கரண்ட் இல்லாத காலம் வந்தது, பற்றரியில் கேட்டோம். பற்றரி இறங்க இறங்கப் பாடகர் இயன் கில்லானின் குரல் எருமை கத்துவது போல ஆகும், புதுப் பற்றரி போட்டால் பழையபடி ஏறும். அந்தக் காதுதான் இன்னும் இருக்கிறது. ஒரு பாட்டு சரியான வேகத்தில் ஓடவில்லை என்றால் எனக்கு அரை நிமிடம் போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது சீடியில் மெஷின் ஹெட் "டெமோ" என்று பதினொரு தடம். அதில் லேஸி என்ற பாட்டைப் போட்டவுடனேயே ஏதோ உறுத்தியது. இரைச்சல் கொட்டுகிறது, பழைய டேப் தானே என்று விட்டுவிடலாம், ஆனால் ஓர்கன் கொஞ்சம் கூர்மையாகக் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், அல்பத்தில் ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு, உங்களுடையதில் 13 செக்கன் குறைவு. கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை செய்யும் மருமகன் லீவில் வந்திருந்தான், அவனிடம் கொடுத்தேன். அவன் ஓடாசிட்டி என்ற ஒலித் திருத்தும் மென்பொருளில் அல்பத்துப் பாட்டையும் உங்கள் டெமோவையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, உங்களுடையதன் வேகத்தை நூற்றுக்கு மூன்று குறைத்தான். இரண்டின் அலைகளும் அச்சு வார்த்தது போல ஒன்றாக நின்றன. முதல் நிமிடத்தில் மட்டும் அப்படி என்றால் பரவாயில்லை, கடைசி அடிவரை அப்படியே.

இதன் அர்த்தம் உங்களுக்குப் புரியவேண்டும். லேஸி பாதிக்குமேல் அந்த நேரத்து மனப்போக்கில் வாசிப்பது. ஜோன் லோர்டின் ஓர்கன் தொடக்கமும் ரிச்சி பிளாக்மோரின் கிட்டாரும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரிப் போகும். 1971இல் காதில் தாளம் காட்டும் கிளிக் சத்தம் வைத்துக்கொண்டு வாசிக்கவில்லை, இயன் பெய்ஸ் எவ்வளவு பெரிய டிரம்ஸ்காரர் ஆனாலும் ஒரே பாட்டை இரண்டாவது தடவை வாசித்தால் எங்கேயாவது ஒரு மயிரிழை முந்தும், பிந்தும். கோயிலில் ஒரே தவில்காரர் ஒரே உருப்படியை இரண்டு நாள் வாசித்தால் இரண்டும் ஒன்றாகவா இருக்கும்? பிறகு மருமகன் இன்னொரு வேலை பார்த்தான். ஒரு தடத்தின் அலையைத் தலைகீழாக்கி மற்றதோடு சேர்த்தால், இரண்டிலும் பொதுவாக இருப்பது எல்லாம் ஒன்றையொன்று அழித்துவிடுமாம். சேர்த்தான். பாட்டு ஏறக்குறைய முழுக்கக் காணாமல் போனது, டிரம்ஸ் இல்லை, ஓர்கன் இல்லை, கில்லான் இல்லை. மிஞ்சியது "உஸ்ஸ்ஸ்" என்ற இரைச்சல் மட்டும், ஏழு நிமிடம். அதாவது இந்தப் பெட்டியில் இதுவரை எங்கும் வெளிவராதது என்று சத்தியமாகச் சொல்லக்கூடியது நீங்கள் கலந்த அந்த இரைச்சல் ஒன்றுதான். மற்றப் பத்திலும் இதே கதை, கோப்புகளை அனுப்புகிறேன், நீங்களே போட்டுக் கேளுங்கள்.

முதல் சீடி இவ்வளவு மோசம் இல்லை, அதில் உள்ளவை உண்மையான மிச்சங்கள்தான். கிரை ஃப்ரீ, ஜாம் ஸ்டூ என்ற தடங்கள், நடுவில் ஸ்டூடியோவில் ஆட்கள் பேசிக்கொள்வது. கேட்டால் ஆசையாக இருக்கும், ஏனென்றால் பிழைவிட்டு நிறுத்திப் பகிடி பண்ணி மறுபடி தொடங்குவதைக் கேட்கத்தானே இப்படிப்பட்ட சீடிக்கு மனிதன் காசு கொடுக்கிறான். ஆனால் இவை 1995இல் வந்த இன் ரொக் 25ஆவது ஆண்டுப் பதிப்பிலேயே இருக்கின்றன, என் அலுமாரியிலும் இருக்கிறது. வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ் பாட்டுக்குப் பக்கத்தில் "முதல் தடவையாக" என்று போட்டிருக்கிறீர்கள். மெஷின் ஹெட்டில் சேர்க்காமல் விட்டது உண்மை, ஆனால் 1972இலேயே நெவர் பிஃபோர் இசைத்தட்டின் மறுபக்கத்தில் வந்துவிட்டது, 1997 பதிப்பிலும் இருக்கிறது. அந்தப் பதிப்புக்காக பேஸ் வாசித்த ரோஜர் குளோவர் மறுபடி மிக்ஸ் செய்தவற்றில் மூன்றை எடுத்து "மாற்று டேக்" என்று பெயர் போட்டது அடுத்தது. மிக்ஸ் என்றால் பதிவான குரலையும் வாத்தியங்களையும் கூட்டிக் குறைத்துச் சேர்ப்பது, அதை மாற்றினால் டேக் மாறாது. அதே கறியில் உப்பைக் கூட்டிக் குறைப்பதுதான் அது.

மூன்றாவது சீடியைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். ஸ்டூடியோ டேக் என்று போட்டிருக்கிறது, சனம் கை தட்டுகிறது. 1972 ஓகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் மூன்று இரவு பதிவு செய்த மேட் இன் ஜப்பான் கச்சேரிதான், தொடக்கத்தையும் முடிவையும் வெட்டிவிட்டால் தெரியாது என்று நினைத்திருக்கிறீர்கள்.

புத்தகம் நாற்பது பக்கம் என்றீர்கள், வந்தது பன்னிரண்டு. அதில் மெஷின் ஹெட் டெமோக்கள் "லண்டன் ஸ்டூடியோவில் நிதானமாக" பதிவானவை என்று எழுதியிருக்கிறது. யார் எழுதினாரோ தெரியாது. சுவிற்சர்லாந்தில் மொன்ரோ கசினோவில் பதிவு செய்யப் போன இடத்தில், 1971 டிசம்பர் 4ஆம் திகதி ஃபிராங்க் ஸப்பா என்ற அமெரிக்க இசைக்கலைஞரின் கச்சேரியில் ஒருவன் தீப்பொறித் துப்பாக்கியால் சுட்டு கசினோ முழுக்க எரிந்தது. அடுத்து ஒரு தியேட்டருக்குப் போனார்கள், இரவில் சத்தம் தாங்காமல் அயலவர் பொலிசைக் கூப்பிட்டார்கள். கடைசியில் குளிர்காலத்துக்கு மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் உள் நடைபாதையில் மெத்தைகளை அடுக்கி வைத்து வாசித்தார்கள். பதிவு செய்யும் லொறி வெளியே நின்றது, ரோலிங் ஸ்டோன்ஸிடம் வாடகைக்கு எடுத்தது. வாசித்ததைக் கேட்கவேண்டும் என்றால் அறை அறையாகப் புகுந்து பல்கனி தாண்டி அந்த லொறிக்குப் போகவேண்டும், அந்த அலைச்சலுக்குப் பயந்து பல தடவை கேட்காமலேயே அடுத்த பாட்டுக்குப் போனார்கள். சின்ன வயதிலிருந்து எனக்கு மிகவும் பிடித்த கதை இது, அதைப்போய் "நிதானமாக" என்று ஒரு சொல்லில் கெடுத்துவிட்டீர்கள்.

பெட்டியின் நிலை பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு அதைச் சாட்டாகப் பிடிக்கக்கூடாது. உங்கள் கூரியர் தம்பி அழைக்காமல் பார்சலை வாசல்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் ஊரில் மான்கள் ரோட்டில் மாடு மாதிரித் திரியும், மட்டை என்றால் விடாது. வெளி மட்டையின் ஒரு மூலையைக் கடித்திருக்கிறது. அதற்கும் பிடிக்கவில்லை போல, பாதியில் விட்டுவிட்டது. உள்ளே பெட்டி, சீடி, புத்தகம் எல்லாம் கீறல் இல்லாமல் இருக்கின்றன.

எனக்கு வேண்டியது இதுதான். 18,500 ரூபாயும் கூரியர் 650 ரூபாயும் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும், கூப்பன் வேண்டாம். பெட்டியை உங்கள் செலவில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விளம்பரத்தில் "வெளிவராத", "டெமோ" என்ற சொற்களை எடுத்துவிடுங்கள், பழைய பாட்டுகளின் தொகுப்பு என்று உண்மையைப் போட்டு 2,000 ரூபாய்க்கு விற்றால் வாங்க ஆள் இருக்கிறது, நானே இரண்டு பேருக்குச் சொல்வேன். 14 நாளுக்குள் பதில் வராவிட்டால் இதே கடிதத்தையும் மருமகனின் கோப்புகளையும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு அனுப்புவேன். பொய் சொல்லிப் பொருள் விற்பதைப் பற்றி 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதை உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூரியர் தம்பி வருவதென்றால் காலை ஒன்பது மணிக்கு முன் வரச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு நான் கடைக்குப் போய்விடுவேன். இந்த முறை அழைத்துவிட்டு வரட்டும், படியில் எதையும் வைக்க முடியாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திருகோணமலை